கோர்த்-சுர்-சியெல்: ரயிலா, காரா? முட்டிவலியோடு மேலே ஏற முடியுமா?

மேகலா:
வணக்கம். அக்டோபர் மூன்றாவது வாரம் தெற்கு பிரான்சில் துலூஸில் நாலு நாள் தங்குகிறோம். ஒரு நாள் குன்றின் மேல் இருக்கிற பழைய ஊரான கோர்த்-சுர்-சியெல் போக ஆசை. அப்பா அம்மா இருவருமே எழுபதை நெருங்குகிறார்கள். அம்மாவுக்கு முட்டிவலி, ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். எல்லோரும் சைவம். ரயில் போதுமா, கார் எடுக்கணுமா? பனிமூட்டத்துக்கு மேலே ஊர் மிதக்கிற மாதிரி படங்கள் வருகிறதே, அது எந்த நேரத்தில் தெரியும்?

திருமாறன்:
கார்தான். துலூஸ் மத்தாபியோ ஸ்டேஷனிலிருந்து நேரடி ரயில் உண்டு, சுமார் ஒரு மணி நேரப் பயணம். ஆனால் கோர்த்-வின்த்ராக் ஸ்டேஷன் இருப்பது பக்கத்து ஊரான வின்த்ராக்கில். அங்கிருந்து குன்றடிவாரம் நாலைந்து கிலோமீட்டர். ஸ்டேஷன் வாசலில் டாக்சி காத்து நிற்காது, முந்தின நாளே போனில் சொல்லி வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஓடும் ரயில்களும் சொற்பம். திரும்பும் ரயிலைத் தவறவிட்டால் அன்றைய திட்டம் அவ்வளவுதான்.

காரில் ஏ68 நெடுஞ்சாலையில் கையாக் வரை வந்து, அங்கிருந்து டி922 சாலையில் வடக்கே ஏறக்குறைய 24 கிலோமீட்டர். ஜிபிஎஸ்ஸில் வெறுமனே 'கோர்த்' என்று போடாதீர்கள். கோர்த்-தொலோசான் என்று இன்னோர் ஊர் தார்ன்-எ-காரோன் மாவட்டத்தில் இருக்கிறது, அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். 81170 என்ற அஞ்சல் எண்ணையும் சேர்த்துப் போடுங்கள்.

இந்திய உரிமம் ஆங்கிலத்தில் இருந்தாலும் கூடவே பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வேண்டும். கியர் வண்டிதான் சாதாரணமாகக் கிடைக்கும், ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் சீக்கிரமே பதிவு செய்யுங்கள். பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, அது குறுகலான சந்திலிருந்து வந்தாலும் சரி. புதிதாக ஓட்டுகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான்.

வண்டியைக் கீழேயே நிறுத்துங்கள். ஜிபிஎஸ் மேலே போகச் சொல்லும், கேட்காதீர்கள். இரண்டு பக்கமும் கல் சுவர், திருப்ப இடம் கிடையாது.

வெண்ணிலா ரா.:
ஏறுவது பற்றி நான் சொல்றேன். அடிவாரத்திலிருந்து உச்சி சுமார் 100 மீட்டர் உயரம். பாத்தர் நோஸ்தர் படிக்கட்டுப் பக்கம் அம்மாவைக் கூட்டிட்டுப் போகவே வேண்டாம், செங்குத்து. இன்னொரு வழி பழைய கோட்டை வாசல்கள் வழியா போற கல் பாவிய சரிவு. படி குறைவு, ஆனா கூழாங்கல் எல்லாம் தேய்ந்து வழவழன்னு இருக்கும். தூறல் விழுந்தா தோல் அடி போட்ட செருப்பு நிச்சயமா வழுக்கும். ரப்பர் அடி ஷூவும், முனையில் ரப்பர் வைத்த கைத்தடியும் அவசியம்.

கீழேயிருந்து மேலே போக சின்ன சுற்றுலா ரயில் வண்டி இருக்கு. சீசன் முடிந்தா எல்லா நாளும் ஓடாது, அதனால சுற்றுலா அலுவலகத்தில் முன்னாடியே விசாரிங்க. டிக்கெட்டை ஏறவும் இறங்கவும் சேர்த்தே எடுங்க. பலரும் ஏற மட்டும் எடுத்துட்டு, 'இறக்கம்தானே'ன்னு நடந்து, பாதியில் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிற்கிறாங்க. வண்டி ஓடாத நாள்னா டாக்சி பேசிக்கங்க.

மேலே போயிட்டா பெரிய தெரு ஓரளவு சமதளம், அம்மா நிதானமா நடக்கலாம். கிராண்ட் வெனர் (தலைமை வேட்டைக்காரர்) வீட்டு முன்னால் எதிர்ச்சுவர் வரை பின்னால் தள்ளி நின்னு அண்ணாந்து பாருங்க. மேல்மாடி சன்னல்களை ஒட்டி கல்லிலேயே ஒரு வேட்டை நடக்குது: ஈட்டியோட ஒருத்தன், எதிரே காட்டுப்பன்றி, ஓடுற முயல். பக்கத்தில் போய் நின்னா எதுவுமே தெரியாது. அந்தக் கல் பக்கத்து ஊர் சாலிலிருந்து வந்த மணற்கல். வெயில் சாயும்போது அதன் நிறம் மாறுறதுக்காகவே இன்னொரு தடவை அந்தப் பக்கம் வரலாம்.

அப்புறம் சந்தை மண்டபம், 24 தூண்கள். அதற்குள்ளே ஒரு கிணறு, ஆழம் 110 மீட்டருக்கும் மேல். 1222-இல் துலூஸ் பிரபு ஏழாம் ரேமோன் இந்த ஊரை அமைச்சப்போ கத்தார் என்ற கிறிஸ்தவப் பிரிவை அடக்க நடந்த ஆல்பி சிலுவைப்போர் இன்னும் முடியலை. முற்றுகை வந்தா குன்று மேல தண்ணிக்கு எங்கே போறது? அந்தக் கவலையை வச்சு யோசிச்சா அவ்வளவு ஆழம் எதுக்குன்னு புரியும்.

செழியன்:
பனிமூட்டம் பற்றி ஒரு விஷயம். மேலே ஊருக்குள் நின்றால் ஊர் மிதப்பது தெரியாது. கீழே வெள்ளைக் கடல் தெரியும், அல்லது நீங்களே மூட்டத்துக்குள் இருப்பீர்கள். படத்தில் வருகிற காட்சிக்கு எதிர்க்குன்றுச் சாலைகளில், சூரியன் எழும் நேரத்தில் நிற்க வேண்டும். அந்த வாரம் உதயம் காலை 8.15 வாக்கில், எனவே துலூஸிலிருந்து 6.30-க்குக் கிளம்பினால் போதும். முந்தின நாள் மழை, இரவில் தெளிந்த வானம், காற்று அசையாமை: மூன்றும் சேர்ந்தால் குளிர்ந்த காற்று செரூ ஆற்றுப் பள்ளத்தாக்கில் தேங்கி மூட்டம் கட்டும். தென்கிழக்கிலிருந்து 'ஓத்தான்' காற்று வீசுகிற நாளில் ஆசையை விட்டுவிட்டு நன்றாகத் தூங்கலாம்.

சாப்பாடு: மதிய உணவு 12-லிருந்து 2 மணிக்குள். 2.15-க்குப் போனால் சமையலறை மூடியிருக்கும். இந்தப் பகுதியில் உருளைக்கிழங்கைக்கூட வாத்துக் கொழுப்பில் வறுப்பார்கள். சாலட் என்று கேட்டால் வாத்தின் இரைப்பையோ பன்றித் துண்டுகளோ மேலே தூவி வரும். 'சான் வியாந்த், சான் ப்வாசோன்' (இறைச்சி, மீன் இல்லாமல்) என்பதோடு 'சான் கிரேஸ் த கனார்' (வாத்துக் கொழுப்பு இல்லாமல்) என்றும் சொல்லுங்கள். ராக்ஃபோர் சீஸில் விலங்கின் இரைப்பை நொதி இருக்கிறது. இவ்வூர் பாதாம் பிஸ்கட்டான க்ரோக்கானில் முட்டை வெள்ளைக்கரு உண்டு.

சனிக்கிழமை காலை கீழ்ஊரில் சந்தை. ரொட்டி, பழம் வாங்கிக்கொண்டு மேலே போய்ச் சாப்பிடுவது சைவர்களுக்கு நிம்மதி. அன்று வண்டி நிறுத்த மட்டும் சீக்கிரம் வர வேண்டும்.

மேகலா:
எல்லோருக்கும் நன்றி. அதே நாளில் ஆல்பி நகரையும் சேர்க்க முடியுமா?

திருமாறன்:
தாராளமாக. டி600-இல் 25 கிலோமீட்டர்தான். காலையில் கோர்த், மதியத்துக்குமேல் ஆல்பி. செயின்ட் செசில் பேராலயத்தைச் சுற்றி நடப்பது அம்மாவுக்குக் கோர்த்தைவிட எவ்வளவோ சுலபம். பெட்ரோலை ஆல்பியிலேயே போட்டுக்கொள்ளுங்கள். ஆளில்லாத பம்புகளில் சிப்பும் பின் எண்ணும் உள்ள கார்டு வேண்டும், நிரப்பும் முன்பே பெரிய தொகையைப் பிடித்துவைக்கும். அதனால் வரம்பு குறைந்த கார்டு நிராகரிக்கப்படலாம்.