‘வேலி’ என்பது எல்லையா, நிலமா, அளவா?

கேள்வி (சென்னையிலிருந்து):

என் தாத்தாவின் பெயரில் 1948ஆம் ஆண்டு பதிவான ஒரு கிரயப் பத்திரத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நிலம் மன்னார்குடிப் பக்கம். சொத்து விவரத்தில் ‘அரை வேலி நன்செய்’ என்று எழுதியிருக்கிறது; நான்கெல்லை சொல்லும் இடத்திலோ ‘வடக்கே முள்வேலி’ என்றிருக்கிறது. ஒரே பத்திரத்தில் ஒரே சொல் நிலத்தின் அளவையும் அதன் ஓரத்தில் நிற்கும் அடைப்பையும் எப்படிக் குறிக்கிறது? இரண்டும் ஒரே சொல்தானா, ஒலியால் மட்டும் ஒத்துப்போன இரு சொற்களா? அரை வேலி என்றால் இன்றைய கணக்கில் எவ்வளவு என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 (மன்னார்குடியிலிருந்து):

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஆகவே ஒரு வேலி 2,88,000 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 6.61 ஏக்கர். உங்கள் அரை வேலி பத்து மா, ஏக்கரில் 3.3 வரும். ஒரு மா 33 சென்ட், மூன்று மா ஓர் ஏக்கர் என்று இன்றும் வயலில் வாய்க்கணக்காகச் சொல்கிறோம். உழவுக்கும் நடவுக்கும் கூலி பேசும்போது மா கணக்கே எளிதாக இருக்கிறது. இந்த வாய்பாட்டைச் சோழர் காலக் கல்வெட்டுகளுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. நிலம் அளந்த கோலின் நீளம் ஊருக்கு ஊர் மாறியது. ஒரு மாவுக்கு எத்தனை குழி என்பதும் மாறியது.

இரண்டும் ஒரே சொல்தான் என்பதே என் கருத்து. அடைப்பைக் குறித்த சொல், அந்த அடைப்புக்கு உட்பட்ட நிலத்தையும் குறிக்கத் தொடங்கி, பிறகு அந்த நிலத்தின் அளவுக்கே பெயராகியிருக்க வேண்டும். இதற்குப் பழைய இலக்கியத்தில் நல்ல சான்று இருக்கிறது. ‘இமிழ்கடல் வேலியைத் தமிழ்நாடு ஆக்கிய’ என்று சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டத்தில் வருகிறது. அங்கே வேலியாக நிற்பது கடல். ஆனால் ‘கடல் வேலியை’ என்று சொல்லப்படுவது அந்தக் கடல் சூழ்ந்த நிலப்பரப்பு. பொருநராற்றுப்படை ‘சாலி நெல்லின் சிறைகொள் வேலி ஆயிரம் விளையுட்டு ஆக’ என்று கரிகாலனின் காவிரி நாட்டைப் பாடும்போது, வேலி தெளிவாகவே விளைச்சலைக் கணக்கிடும் அளவாகிவிட்டது. ‘சிறைகொள்’ என்ற அடையில் வரம்பு கட்டிய வயல் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது என்பதையும் கவனியுங்கள்.

பதில் 2 (யாழ்ப்பாணத்திலிருந்து):

ஊர்ப் பெயர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எங்கள் குடாநாட்டில் நீர்வேலி, அச்சுவேலி, சங்குவேலி, கட்டைவேலி என்று பல ஊர்கள் உள்ளன. நாங்கள் பேச்சில் தின்னவேலி என்று சொல்லும் திருநெல்வேலியும் உண்டு. தமிழகத்துத் திருநெல்வேலிக்கு, காயவைத்த நெல்லை மழையில் நனையாமல் இறைவன் வேலியிட்டுக் காத்தார் என்று தலபுராணம் கூறுகிறது. அந்தக் கதை அழகானது. எனினும் இத்தனை ஊர்களுக்குத் தனித்தனியே கதை தேடுவதைவிட, வேலி என்பதற்கு அடைத்த நிலம், அதனால் குடியிருப்பு என்று பொருள் கொள்வது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இன்னொன்று. வேலி என்றவுடன் கம்பியை நினைப்பது அண்மைக்கால வழக்கம். எங்களிடம் வேலி என்றால் கதியால் நட்டு அடைப்பது. கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் தடிகளை வெட்டி வரிசையாக ஊன்றினால் மழைக்குத் துளிர்த்து மரமாகிவிடும். அவற்றின் இடையே கிடுகோ பனையோலையோ வைத்துக் கட்டுவார்கள். கதியாலில் வெட்டிய குழை தோட்டத்துக்குப் பசளை, ஆட்டுக்குத் தீனி. பக்கத்து வளவுக்குப் போய்வர வேலியில் விடும் சிறு திறப்புக்குப் பொட்டு என்று பெயர். இரு வீட்டுக்கும் மனத்தாங்கல் வந்தால் முதலில் அடைபடுவது அதுதான். பட்டுப்போன கதியாலுக்குப் பதில் புதியதை ஊன்றும்போது அரைச் சாண் தள்ளி ஊன்றுவதால் வளர்ந்த காணி வழக்குகளுக்கு இங்கே குறைவே இல்லை. மறைப்பையும் கட்டுப்பாட்டையும் பெரிதாகக் கருதும் எங்கள் சமூக வழக்கத்தைக் ‘கிடுகுவேலிப் பண்பாடு’ என்று விமரிசிப்பதும் உண்டு. வேலி பெரும்பாலும் மதிலாக மாறிவிட்ட பிறகும் அந்தத் தொடர் போகவில்லை.

பதில் 3 (காங்கேயத்திலிருந்து):

எங்கள் கொறங்காட்டிலும் முள்கிளுவைதான் வேலி. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் உள்ள மேய்ச்சல் காட்டைச் சுற்றி நெருக்கமாக நட்டுவிட்டால், மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டு வேறு வேலை பார்க்கலாம். ‘வேலிக்கு ஓணான் சாட்சி’, ‘வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டதுபோல’ என்ற பழமொழிகளெல்லாம் இத்தகைய பச்சை வேலியைப் பார்த்துப் பிறந்தவை. இலையும் நிழலும் பூச்சியும் இருப்பதால்தான் ஓணான் அங்கே குடியிருக்கிறது. வேலிக்காத்தான் என்று பெயர் பெற்ற சீமைக் கருவேலம் வயலுக்குள்ளேயே புகுந்த கதையைத் தனி இழையில்தான் பேச வேண்டும்.

கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. பட்டாவில் 1.34 ஹெக்டேர் என்றிருக்கிறது. அரை வேலியோடு ஒத்துப்போகிறது. அதே பத்திரத்தில் இரண்டாவது இனமாக ‘மூன்று மா முக்காணி’ என்றுள்ளது. காணி என்பது 1.32 ஏக்கர் என்று ஓர் இணையப் பக்கத்தில் பார்த்தேன். அதன்படி முக்காணி மட்டுமே நான்கு ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக வருகிறதே?

பதில் 1 (மீண்டும்):

அந்தக் காணி செங்கல்பட்டுப் பக்கத்து நில அளவு. இங்கே அது பொருந்தாது. உங்கள் பத்திரத்தில் உள்ளவை கீழ்வாய் இலக்கங்கள், அதாவது பின்ன எண்கள். மா என்றால் இருபதில் ஒரு பங்கு, காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு; இரண்டும் வேலியின் பங்குகள். முக்காணி எண்பதில் மூன்று, அதாவது 75 குழி. மூன்று மாவின் 300 குழியோடு சேர்த்தால் 375 குழி. 54,000 சதுர அடி, சுமார் 1 ஏக்கர் 24 சென்ட். அந்த இனத்தின் பட்டாவில் ஏறக்குறைய அரை ஹெக்டேர் இருக்கிறதா என்று பாருங்கள்.