ஃபாஸ்ட் டிராவல் இல்லாமல் ஸ்கைரிம்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் மக்களே, பாம்பனிலிருந்து எழுதுகிறேன். ஸ்கைரிம் கம்ப்யூட்டர் கேமை (2011இல் வந்ததுதான், என் பழைய லேப்டாப்புக்கு அதுவே ஜாஸ்தி) இந்த முறை ஃபாஸ்ட் டிராவலைத் தொடாமல் ஆடுகிறேன். மேப்பில் ஊரைத் தட்டினால் அங்கே போய் நிற்பது அலுத்துவிட்டது.

நேற்று ராத்திரி வைட்ரனிலிருந்து விண்ட்ஹெல்முக்கு ஆற்றை ஒட்டியே நடந்தேன். வழியில் ஆற்றுக்கு இருபுறமும் பழைய கோபுரங்கள், நடுவே ஒரு பாலம். கீழே ஒருத்தி மறித்து 200 தங்கம் சுங்கம் கேட்டாள். கையில் இருந்ததோ 60. ஓட்டம் பிடித்தேன், மேலிருந்து அம்பு. இத்தனை வருஷமாக அந்த இடத்தை நான் சரியாகப் பார்த்ததே இல்லை!

சரி, சிக்கலுக்கு வருகிறேன். சுமை 300 தாண்டினால் ஓட முடியவில்லை. கூட ஒரு ஆளை வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி உண்டா?

அப்புறம் லாயத்து வாசலில் நிற்கும் வண்டி. பெரிய ஊர்களுக்கு 20 தங்கம்தான், ஆனால் ஏறியதும் திரை கறுத்து ஊர் வந்துவிடுகிறது. இதுவும் ஏமாற்றுதானே? பாம்பனில் பஸ் ஏறித் தூங்கி ராமநாதபுரத்தில் விழிப்பது மாதிரிதான் என்று தம்பி வாதாடுகிறான்.

முக்கியமானது இது. அப்பா லைட் ஹவுஸைப் பார்த்தே கரை பிடித்தவர். நான் அடுத்துப் போக வேண்டிய இடத்தைக் காட்டும் குறியான குவெஸ்ட் மார்க்கரை நம்பிப் பிழைக்கிறேன். அதை அணைத்தால் ஸ்கைரிமில் பெரும்பாலும் யாரும் வழி சொல்வதில்லை. இதே வரிசையின் பழைய கேமான மாரோவிண்ட் மாதிரி வழி சொல்லவைக்கும் மாட் (ரசிகர்கள் செய்து கேமில் சேர்க்கும் மாற்றம்), 8 ஜிபி ராமில் ஓடுவது, தெரிந்தால் பெயரைப் போடுங்கள்.