சக்திமான் லாரிக்கு டீசல் செலவைக் குறைப்பது எப்படி?

காரைக்குடியிலிருந்து கேள்வி:
ஏலத்தில் எடுத்த சக்திமான் ராணுவ லாரியில் ஆத்தங்குடிக் கல் ஏற்றி மதுரைக்குச் செல்லும்போது லிட்டருக்கு 3 கிலோமீட்டர்கூடக் கிடைப்பதில்லை. மேடு ஏறினால் கரும்புகை வருகிறது. என்ன செய்யலாம்?

தேவகோட்டையிலிருந்து பதில்:
கரும்புகை என்றால் டீசல் முழுமையாக எரியவில்லை என்று பொருள், ஐயா. முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள்; எங்கள் வண்டியில் செம்மண் புழுதி அடையாகப் படிந்திருந்தது. பிறகு இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்களை டீசல் பம்புப் பட்டறையில் சோதித்தால், பனிபோல் தெளிக்க வேண்டிய டீசல் சொட்டுச் சொட்டாக விழுகிறதா என்பது தெரிந்துவிடும்.

திருப்பத்தூரிலிருந்து பதில்:
ஜெர்மனியின் மேன் நிறுவன வடிவமைப்பில் ஜபல்பூரில் தயாரான வண்டி அது. முன்சக்கர இயக்கம் மணலுக்கும் சேற்றுக்கும்தான்; தார்ச்சாலையில் அதை விடுவித்துவிட வேண்டும். சற்றுத் தூரம் ஓட்டியபின் ஒரு சக்கரத்தின் பிரேக் டிரம் மட்டும் அனல் வீசினால், பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது என்று அறியலாம்.

கேள்வி கேட்டவர்:
முன்சக்கர லீவர் போட்டபடியேதான் இருந்திருக்கிறது. நாசில்களை நாளையே கழற்றுகிறேன். மிக்க நன்றி, ஐயா.