கோச்சிங் கற்கும் டாக்டர்களும் நர்ஸ்களும் சறுக்கும் இடங்கள்

நர்ஸிங் பயிற்றுநர்

கோச்சிங் என்றால் பதிலைச் சொல்லிக் கொடுக்காமல், கேள்விகள் கேட்டு ஒருவரைத் தானே வழி கண்டுபிடிக்க வைப்பது. அதைக் கற்க வகுப்புக்கு வருபவர்கள் முதலில் சறுக்குவது கேள்வி கேட்பதில். "அதுதானே நம்ம தொழிலே!" என்பார்கள். வில்லங்கமே அங்கேதான். நோயாளியிடம் காய்ச்சல் எத்தனை நாள், வலி எங்கே என்று கேட்பது நாம் ஒரு முடிவுக்கு வருவதற்காக. கோச்சிங்கில் யோசிக்க வேண்டியவர் எதிரில் இருப்பவர்.

ஹேண்ட்ஓவரில் (டியூட்டி மாறும்போது நோயாளிகளின் விவரத்தை அடுத்தவரிடம் ஒப்படைப்பதில்) அடிக்கடி ஏதாவது விட்டுவிடும் ஜூனியர் நர்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். "செக்லிஸ்ட் பார்த்தீங்களா?" என்பது கேள்வியே இல்லை, கேள்விக்குறி போட்ட அறிவுரை. "எழுதி வச்சுக்கலாமே?" என்பதும் அதே ரகம். பேச்சு இப்படிப் போனால் வேறு கதை:

"இன்னைக்கு எது வரைக்கும் சரியா போச்சு?"
"மூணாவது பெட் வரைக்கும், சிஸ்டர். அப்புறம் போன் வந்துடுச்சு."
"போன் வந்தப்போ கையில என்ன இருந்துச்சு?"
"ஒண்ணுமில்ல... ஞாபகத்துலேர்ந்துதான் சொல்லிட்டிருந்தேன்."

இதற்கு மேல் செக்லிஸ்ட் பற்றி நாம் வாய் திறக்கவே வேண்டாம். "அடுத்த டியூட்டியில என்ன மாத்தலாம்னு தோணுது?" என்று கேட்டுவிட்டு மனசுக்குள் ஏழு வரை எண்ணுங்கள். கோச்சிங் செய்ய வருபவர்களில் பலர் இரண்டு எண்ணுவதற்குள் தாங்களே பதிலை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, "ஏன்" வேண்டாம். "ஏன் லேட்?" என்றால் விசாரணை, பதிலாக சாக்குதான் வரும். "அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?" என்றால் விவரம் வரும்.

பிசியோதெரபிஸ்ட்

க்ரோ (GROW) என்ற நான்கு படி கோச்சிங் முறையில் (இலக்கு, இப்போதைய நிலை, வழிகள், செய்யப்போவது) நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது இரண்டாவது படியில். கேஸ் ஹிஸ்டரி எடுக்கிற பழக்கம். 20 நிமிட செஷனில் 14 நிமிடம் அதிலேயே கரைந்துவிடும். 5, 5, 6, 4 என்று பிரித்து, கடிகாரத்தைக் கண்ணில் படும்படி வையுங்கள்.

"கம்யூனிகேஷனை இம்ப்ரூவ் பண்ணணும்" என்பது இலக்கு ஆகாது. "டிஸ்சார்ஜ் நேரத்தில் மருந்து விவரத்தை நோயாளியையே திருப்பிச் சொல்ல வைப்பேன்" என்பது இலக்கு, நடந்ததா இல்லையா என்று பக்கத்தில் நிற்பவருக்கே தெரியும். வழிகள் என்று வரும்போது அவரிடமிருந்து மூன்றாவது வரும் வரை நம் யோசனையைச் சொல்லக் கூடாது. "வேற?" என்ற ஒரு சொல் போதும். முடிக்கும்போது, செய்துவிடுவோம் என்ற நம்பிக்கை பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள். ஏழுக்குக் கீழே என்றால் திட்டம் பெரிது, பாதியாக்குங்கள். ஆறு என்றால் "ஏன் பத்து இல்லை?" என்று கேட்காமல் "நாலு சொல்லாம ஆறு சொல்ல வச்சது என்ன?" என்று கேளுங்கள். மாற வேண்டும் என்ற எண்ணத்தை ஒருவரிடமிருந்தே பேசி வரவழைக்கும் மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங் முறையிலிருந்து வந்தது இது. ஆளைப் பலவீனத்தைப் பற்றிப் பேசவிடாது.

ஐ.சி.யூ. டாக்டர்

கோச்சிங் கூடாத இடத்தையும் சொல்லியாக வேண்டும். ஆக்ஸிஜன் அளவு இறங்கிக்கொண்டிருக்கும்போது "உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்பது ஆபத்து. இன்சுலின் டோஸ் பத்து மடங்காக எழுதப்பட்டிருந்தால் "நிறுத்துங்க, தப்பு" என்பதுதான் பேச்சு. தெரியாத விஷயத்தையும் கேள்வி கேட்டு வரவழைக்க முடியாது, கற்றுக்கொடுத்துவிடுங்கள். தெரிந்தும் கைக்கு வராததற்குத்தான் கோச்சிங்.

மதிப்பெண் போடுபவரே கோச்சாகவும் இருந்தால் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். வேறு வழியில்லை என்றால், எது வெளியே போகாது, எதைக் கட்டாயம் மேலே தெரிவிப்பேன் (நோயாளியின் பாதுகாப்பு) என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

சர்ஜரி துறை

அனுபவசாலிக்கு எதற்குக் கோச் என்பவர்களுக்கு அமெரிக்க சர்ஜனும் எழுத்தாளருமான அதுல் கவாண்டேவை நினைவூட்டலாம். எட்டு வருடம் அறுவை செய்த பிறகு, ஓய்வுபெற்ற சர்ஜன் ராபர்ட் ஆஸ்டீனை ஆபரேஷன் தியேட்டரில் நின்று பார்க்கச் சொன்னார். 2011-ல் அதைப் பற்றி எழுதினார். ஆஸ்டீன் குறித்துவைத்தவை சின்ன விஷயங்கள்: முழங்கை தோள் அளவுக்கு உயர்கிறது, விளக்கின் வெளிச்சம் காயத்தை விட்டு விலகியிருக்கிறது. தைக்கிறவருக்கு இது தெரியாது. நிற்கிறவருக்குத் தெரியும்.

பார்க்கப் போகிறவர் உள்ளே நுழையும் முன்பே "இன்னைக்கு எதைப் பார்க்கணும்?" என்று கேட்க வேண்டும், ஒன்று, மிஞ்சினால் இரண்டு. குறிப்பில் கண்ணால் கண்டது மட்டும். "பதற்றமாக இருந்தார்" வேண்டாம். "ஸ்க்ரப் நர்ஸ் இரண்டு முறை கேட்டும் பதில் இல்லை" என்று எழுதுங்கள்.

நர்ஸிங் பயிற்றுநர்

பயிற்சிக்கு மூன்று பேர் போதும்: கோச், பேசுபவர், கவனிப்பவர். 10 நிமிடம் பேச்சு, 5 நிமிடம் ஃபீட்பேக், பிறகு இடம் மாறுங்கள். சம்மதம் வாங்கி, நோயாளி பெயர் வராமல் ஒரு செஷனைப் பதிவு செய்து, உங்கள் குரல் எத்தனை நிமிடம் என்று கூட்டிப் பாருங்கள். பாதியைத் தாண்டினால் அது லெக்சர். சான்றிதழ் வேண்டுமென்றால், சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பின் முதல் நிலைக்கு 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர கோச்சிங் அனுபவமும் கேட்கிறார்கள். வார்டில் ஜூனியரிடம் பத்து நிமிடம் பேச அது தேவையில்லை.