நாலாவது நாளும் விடாத ஒற்றைத் தலைவலி

பதினாறு வயதிலிருந்து எனக்கு மைக்ரேன் உண்டு. இருட்டு அறையில் ஒரு மாத்திரை போட்டுத் தூங்கினால் மறுநாள் வேலைக்குப் போய்விடுவேன். போன சித்திரையில் வந்ததையும் அப்படித்தான் நினைத்துப் படுத்தேன்.

வியாழன் மத்தியானம் வலது கண்ணுக்குப் பின்னால் துடிக்க ஆரம்பித்தது. தூங்கி எழுந்தால் மூன்று நான்கு மணி நேரம் இறங்கும். சரி, விட்டுவிட்டது என்று எழுந்து உட்காருவேன். ஒரு குக்கர் விசில் போதும், திரும்பப் பிடித்துக்கொள்ளும். அந்த இடைவெளிகள்தான் என்னை ஏமாற்றின. சனிக்கிழமை பக்கத்துக் கிளினிக்கில் சைனஸ் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அம்மா சுக்குப் பற்றுப் போட்டாள். ஞாயிறு இரவு தண்ணீர் குடித்தாலே வாந்தி.

திங்கள் காலை அக்கா ஆட்டோவில் அழைத்துப் போனாள். நரம்பியல் மருத்துவர் முதலில் கேட்டதே, “ஆரம்பிச்சு எத்தனை மணி நேரம் ஆச்சு?” என்பதுதான். விரல்விட்டு எண்ணினோம், தொண்ணூறு. 72 மணி நேரத்தைத் தாண்டியும் ஆளை முடக்கிப் போடும் மைக்ரேனுக்கு ஸ்டேட்டஸ் மைக்ரேனோசஸ் என்று பெயராம். மருந்தாலோ தூக்கத்தாலோ நடுவில் 12 மணி நேரம் வரை வலி குறைந்திருந்தாலும் அது ஒரே தாக்குதல்தான். மைக்ரேனின்போது இரைப்பையின் வேலை மந்தமாகிவிடுவதால் விழுங்கும் மாத்திரை சரியாக உடம்பில் சேராது என்றும் சொன்னார். நான் நாலு நாளாக அதைத்தான் விழுங்கிக்கொண்டிருந்தேன்!

கழுத்து, கை கால் பலம், கண் எல்லாம் பார்த்த பிறகு டிரிப்ஸ் ஏற்றினார்கள். அதோடு வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு, வலிக்கு கீட்டோரோலாக் ஊசி. வலி மறுபடி கிளம்பாமல் இருக்க டெக்சாமெத்தசோன். சாயங்காலம் ஜன்னல் திரையை நானே விலக்கினேன். அக்கா அழுதுவிட்டாள்.

அப்புறம்தான் மாத்திரைக் கணக்கு வந்தது. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மைக்ரேனுக்கென்றே கொடுக்கும் டிரிப்டான் வகை மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ என்று மூன்று மாதத்துக்கும் மேல் போட்டுவந்தால், அந்த மருந்தே தலைவலியை வளர்க்குமாம். நான் அந்த எல்லையைத் தாண்டியிருந்தேன்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இடி விழுந்தாற்போல் சட்டென்று உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி இவற்றில் எது வந்தாலும் மணி எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். எனக்கு அவை இல்லை. ஆனாலும் இப்போது வலி வந்தால், தொடங்கிய நேரத்தைத் தினசரிக் காலண்டர் தாளில் அக்காதான் எழுதி வைக்கிறாள்.