வெயில்ல கிறிஸ்துமஸ்: சிட்னி போகலாமா, வேணாமா?

மழைக்குருவி:
டிசம்பர் லீவுக்கு குடும்பத்தோட சிட்னி போகலாம்னு பேச்சு ஓடுது, டிக்கெட் இன்னும் போடல. அங்க டிசம்பர் கோடைக்காலம், வெயில்ல என்ன கிறிஸ்துமஸ்னு வீட்டுக்காரர் இழுக்கறார், பசங்க பீச்சுன்னு கேட்டதும் குதிக்கறாங்க. போனவங்க சொல்லுங்க, அந்த நாள் பண்டிகை மாதிரி இருக்குமா?

வெள்ளைப்பனி:
வேணாம்னுதான் சொல்லுவேன். சீக்கிரமே இருட்டி, ஊரே குளிர்ல அடங்கி, ஜன்னலுக்கு ஜன்னல் லைட்டு எரியறப்போ மனசுக்குள்ள ஒண்ணு வரும் பாருங்க, அது அங்க வராது. சிட்னில டிசம்பர் 25 அன்னிக்கு சூரியன் மறையவே ராத்திரி 8 மணி தாண்டிடும். மரத்துல சுத்தி வச்ச சீரியல் லைட்டு பகல்ல வெறும் ஒயராத்தான் தெரியுது. கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவர் தாடிக்குள்ள வேர்த்து வழிஞ்சுட்டே பசங்களுக்கு கை குடுத்துட்டு இருந்தார், எனக்கு பாக்கவே கஷ்டமா இருந்துச்சு.

பயணப்பித்தன்:
பனிக்கும் இயேசு பிறப்புக்கும் என்னங்க சம்பந்தம்? லூக்கா 2ஆம் அதிகாரத்துல மேய்ப்பருங்க ராத்திரி வயல்வெளில மந்தைய காத்துட்டு இருந்தாங்கன்னுதான் இருக்கு, பனி பத்தி ஒரு வரி கிடையாது. அதெல்லாம் ஐரோப்பா குளிர்ல வந்து சேர்ந்தது.

மெல்போர்ன்ல கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ராத்திரி கரோல்ஸ் பை கேண்டில்லைட்னு, மெழுகுவர்த்தி வெளிச்சத்துல எல்லாரும் கூடி கிறிஸ்துமஸ் பாட்டு பாடற நிகழ்ச்சி நடக்கும். நார்மன் பேங்க்ஸ்னு ஒரு ரேடியோ அறிவிப்பாளர் வீட்டுக்கு நடந்து போறப்போ, ஜன்னல் ஓரமா ஒரு வயசான அம்மா மெழுகுவர்த்தி வெளிச்சத்துல தனியா ரேடியோல வர்ற கரோல் கேட்டு கூடவே பாடிட்டு இருந்தத பாத்தாராம், இவங்கள மாதிரி தனியா இருக்கறவங்க எல்லாரும் ஒண்ணா பாடணும்னு 1938-ல ஆரம்பிச்சார், இப்பவும் நடக்குது, அதுல வர்ற பணம் பார்வை இல்லாதவங்களுக்கு போகுது. புல்தரையில பாய் விரிச்சு தாத்தா பாட்டி கைக்குழந்தைன்னு உக்காந்து பாடுவாங்க. அத குளிர் ஊர்ல திறந்தவெளில செய்ய முடியுமா சொல்லுங்க.

வெள்ளைப்பனி:
பைபிள்ல பனி இருக்குன்னு நான் சொல்லவே இல்லையே. அங்கயே வாழறவங்களுக்கு அது அவங்க கிறிஸ்துமஸ், அத நான் குறை சொல்லல. நாலு நாளைக்கு போற நமக்கு அது சேராதுங்கறேன். ஹோட்டல் ரூம்ல விடிஞ்சு எழுந்தா பக்கத்து வீட்டுக்காரங்க இல்ல, சொந்தக்காரங்க இல்ல, ஆளுக்கொரு டவல தூக்கிட்டு பீச்சுக்கு ஓடறதுதான். தலையில சிவப்பு தொப்பி வச்சு ஒரு போட்டோ எடுத்தா பண்டிகை ஆயிடுமா?

தெற்குவாசல்:
நான் இங்கதான் இருக்கேன். மழைக்குருவி அக்கா, மத்தத விடுங்க, இத முதல்ல கேளுங்க. 25ஆம் தேதி சூப்பர்மார்க்கெட் எல்லாம் மூடிடுவாங்க, திறந்திருக்கற ஹோட்டல்லயும் முன்னாடியே டேபிள் சொல்லி வைக்கணும், அதனால 24ஆம் தேதியே சாப்பாட்டுக்கு வேண்டியத வாங்கிடுங்க. வெயில லேசா எடுத்துக்காதீங்க, தோல எரிக்கற புற ஊதாக் கதிரோட அளவு, அதான் யூவி இண்டெக்ஸ், 11-க்கு மேல போற மாசம் இது, மேகமா இருந்தாலும் தோல் எரிஞ்சுடும், பசங்களுக்கு முழுக்கை நீச்சல் சட்டை போட்டு கூட்டிட்டு போங்க. கடல்ல சிவப்பு மஞ்சள் கொடி ரெண்டுக்கும் நடுவுல மட்டும்தான் இறங்கணும், அதுதான் லைஃப்கார்டு கண்ணு வச்சிருக்கற இடம். கொடி இல்லாத பக்கம் தண்ணி அமைதியா இருக்கேன்னு இறங்கறவங்கதான் மாட்டறாங்க, அலை உடையாம அமைதியா தெரியற இடத்துலதான் பல நேரம் ரிப், அதாவது ஆள கடலுக்குள்ள இழுத்துட்டு போற நீரோட்டம், இழுக்கும். வடக்கே கெய்ர்ன்ஸ் ஊர் பக்கம் போறதா இருந்தா இந்த மாசத்துல கடல்ல விஷ ஜெல்லி மீன் வேற.

பயணப்பித்தன்:
இதெல்லாம் ஜாக்கிரதையா இருக்க வேண்டிய விஷயம், போகாம இருக்க காரணம் இல்ல. 26ஆம் தேதி சிட்னி துறைமுகத்துல இருந்து தெற்கே டாஸ்மேனியா தீவுல இருக்கற ஹோபார்ட்டுக்கு பாய்மரப் படகுப் போட்டி கிளம்பும், 1945-ல இருந்து நடக்கறது, கரைல நின்னே பாக்கலாம்.

மழைக்குருவி:
நடுராத்திரி பூசை இருக்குமா? வீட்டுக்காரருக்கு அதுதான் முக்கியம்.

தெற்குவாசல்:
செயின்ட் மேரிஸ் கதீட்ரல்ல இருக்கு அக்கா, கூட்டம் நிரம்பும், சீக்கிரம் போயிடுங்க. முன்னாடி வாரமே வந்தீங்கன்னா பக்கத்துலயே டொமைன் பார்க்ல கரோல்ஸ் நடக்கும், டிக்கெட் கிடையாது.

வெள்ளைப்பனி:
பூசைக்கு போறீங்கன்னா அது வேற, அத நான் ஒத்துக்கறேன். ஆனாலும் 25 வீட்டுல இருந்துட்டு 26 கிளம்பறதுதான் சரின்னு படுது எனக்கு.

தெற்குவாசல்:
26ல இருந்து நியூ இயர் வாணவேடிக்கைக்கு கூட்டம் சேர ஆரம்பிச்சுடும், ரூம் வாடகை எகிறிடும். அதையும் பாத்துட்டு டிக்கெட் போடுங்க அக்கா.