பொரி வட்டின் மேல் என்ன வைக்கலாம்? அம்மாவின் நான்கு மணிப் பலகாரத்துக்கு யோசனை சொல்லுங்கள்

மஞ்சக்குப்பம் மகள்:

அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 67 வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் என்னோடு இருக்கிறார். போன மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 6.2 சதவீதம் என்று வந்தது. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், மாலையில் எண்ணெய்ப் பலகாரத்தையும் இனிப்பையும் விட்டுவிடுங்கள் என்றார் மருத்துவர். அம்மா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் முறுக்கு டப்பாவை எடுத்து எதிர்வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். நாற்பது வருடமாக நான்கு மணித் தேநீரோடு இரண்டு முறுக்கு கடித்தவர். “பசியெல்லாம் இல்லை, பல்லுக்குத்தான் வேலை இல்லாமல் போய்விட்டது” என்கிறார். எனக்குத் தாங்கவில்லை.

புதுச்சேரியில் வேலை பார்க்கும் தம்பி இதைக் கேள்விப்பட்டு ரைஸ் கேக் ஆறு பொட்டலம் வாங்கி வந்தான். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தவிடு நீக்காத அரிசியைச் சூடான அச்சுக்குள் அழுத்திச் சட்டென்று திறந்தால், அரிசி பொரிந்து ஒன்றோடொன்று ஒட்டி வட்டமாக வரும். வெல்லப் பாகு சேர்க்காத பொரி உருண்டையைத் தட்டையாக்கியதுபோல் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்குப் பொரி வட்டு என்று பெயர் வைத்துவிட்டோம். ஒரு வட்டு ஒன்பது கிராம்தான். அம்மா கடித்ததும் கரகரவென்று சத்தம் வந்தது, முகமே மாறிவிட்டது. “கார்த்திகைப் பொரி மாதிரி இருக்கிறது, ஆனால் ருசி என்று ஒன்றும் இல்லையே” என்றார்.

ருசிக்காக முதல் நாள் பழ ஜாம் தடவி மூன்று வட்டு கொடுத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் 188. பொட்டலத்தின் மேல் கொழுப்பு குறைவு என்று எழுதியிருந்ததை மட்டும் பார்த்துவிட்டேன். ஜாமில் பாதிக்கு மேல் சர்க்கரைதான் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? அன்று இரவு முழுவதும் மனது சரியில்லை.

மறுநாள் தேங்காய்ச் சட்னி வைத்தேன். தட்டை அம்மா முன்னால் வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் வட்டின் நடுப்பகுதி சட்னித் தண்ணீரை உறிஞ்சிக் குழிந்துவிட்டது. கையில் எடுத்தபோது நனைந்த அப்பளமாக மடங்கிப் பாதி மடியில் விழுந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் புடவையிலிருந்து விரலால் வழித்துச் சாப்பிட்டார்.

சர்க்கரையை ஏற்றாத, மொறுமொறுப்பைக் கெடுக்காத, எங்கள் உழவர் சந்தையில் கிடைக்கிற பொருளாகச் சொல்லுங்கள். இணையத்தில் எங்கே தேடினாலும் வெண்ணெய்ப் பழத்தை மசித்துத் தடவச் சொல்கிறார்கள். அதைத் தினமும் வாங்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அம்மாவுக்குக் கடைவாயில் இரண்டு பல் இல்லை. பொரி வட்டு வாயில் பொடிந்துவிடுகிறது, முழுக் கடலையைக் கடிக்க முடியாது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பதால் உப்பையும் பார்க்க வேண்டும். முட்டை, மீன் சாப்பிடுவார். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் கிடையாது.

லாஸ்பேட்டைச் சமையற்கட்டு:

தங்கச்சிக்கு வணக்கம். புதுச்சேரியில் விடுதிச் சமையலில் முப்பது வருடம் நின்றவன் நான். உங்கள் சட்னியில் ருசிக் குறை எதுவும் இருந்திருக்காது, தண்ணீர்தான் கெடுத்தது. பொரி என்றாலே காற்றும் ஓட்டையும்தான். ஈரம் பட்டால் ஐந்து நிமிடம் தாங்காது.

அதனால் முதலில் எண்ணெய்ப் பசை உள்ள ஏதாவது ஒன்றை மெல்லியதாகப் பூசுங்கள். அது ஈரத்தை உள்ளே விடாது. நம் பக்கத்து மல்லாட்டையைவிட, அதாவது வேர்க்கடலையைவிட, இதற்குப் பொருத்தமான பொருள் கிடையாது. கால் கிலோ மல்லாட்டைப் பருப்பை வெறும் வாணலியில் சிறு தீயில் வறுத்து, ஆறியதும் தோலைத் தேய்த்து ஊதிவிடுங்கள். மிக்சியில் விட்டு விட்டு அரையுங்கள். முதலில் பொடியாகும், பிறகு பிண்டம்போல் சுவரில் ஒட்டிக்கொண்டு சுற்றாமல் நிற்கும். அந்த இடத்தில்தான் பலரும் பொறுமை இழந்து தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஊற்றாதீர்கள். கரண்டியால் வழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் அதன் எண்ணெய் தானாகவே வெளியே வந்து இளகிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் கெட்டிதட்டிப்போகும், இரண்டு நாளில் ஊசியும் போகும். சர்க்கரை, உப்பு எதுவும் வேண்டாம். அப்படியே கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வையுங்கள்.

இன்னொன்று, வடிகட்டிய தயிர். கால் லிட்டர் கெட்டித் தயிரை மெல்லிய வேட்டித் துணியில் கட்டி, குளிர்பெட்டிக்குள் ஒரு பாத்திரத்தின் மேல் நான்கு மணி நேரம் தொங்கவிடுங்கள். வடிந்த தண்ணீரை ரசத்தில் சேர்த்துக்கொள்ளலாம். துணிக்குள் நிற்பது வெண்ணெய்போல் தடவ வரும். அதில் இஞ்சித் துருவலும் மிளகுத் தூளும் கலந்து, கடுகு தாளித்துக் கொட்டினால் அம்மா உப்பைத் தேட மாட்டார். வெள்ளரிக்காய் போடுவதாக இருந்தால் துருவிப் பிழிந்து போடுங்கள். எதை வைத்தாலும் அம்மா கையை நீட்டிய பிறகு வையுங்கள்.

உணவியல் பிரிவில் வேலை பார்ப்பவர், புதுச்சேரி:

அக்கா, மருத்துவமனையில் தினமும் நான் பார்க்கிற விஷயம் இது. நிறையப் பேர் ரைஸ் கேக்கை மருந்துபோல் நினைத்து நான்கைந்து சாப்பிடுகிறார்கள். ஒன்றில் சுமார் 35 கலோரிதான், உண்மை. ஆனால் அதில் ஏழு கிராம் மாவுச்சத்து, புரதம் ஒரு கிராம்கூட இல்லை. பொரிந்த அரிசியின் மாவுச்சத்து மிக வேகமாகச் செரித்து இரத்தத்துக்குப் போய்விடுகிறது. தவிடு நீக்காத அரிசியில் செய்திருந்தாலும் இதில் பெரிய வித்தியாசம் கிடையாது. அதன் மேல் ஜாம் வேறு என்றால் 188 வந்ததில் வியப்பில்லை.

மூன்றை இரண்டாக்குங்கள். மேலே வைப்பதில் புரதமும் நார்ச்சத்தும் கொஞ்சம் நல்ல கொழுப்பும் இருக்கட்டும். அவை சேர்ந்தால் இரைப்பையிலிருந்து உணவு மெதுவாக இறங்கும், சர்க்கரையும் மெதுவாக ஏறும். ஒரு வேகவைத்த முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. மசித்து மிளகு தூவினால் இரண்டு வட்டுக்கும் சரியாக இருக்கும். கொண்டைக்கடலைச் சுண்டலைக் குழைய வேகவைத்து, வறுத்த எள், எலுமிச்சைச் சாறு, பூண்டு சேர்த்துக் கெட்டியாக மசித்தால் பல் பிரச்சினையும் தீர்ந்தது. ஐயா சொன்ன மல்லாட்டை விழுது அருமையான யோசனை. 100 கிராம் மல்லாட்டையில் 25 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. கலோரியும் அதிகம் என்பதால் வட்டுக்கு ஒரு தேக்கரண்டி போதும்.

உப்பைப் பற்றிக் கேட்டீர்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒரு நாளைக்கு மொத்தமே ஐந்து கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். சோறு, குழம்பு, ஊறுகாயிலேயே அது முடிந்துவிடும். ஆகையால் உப்புத் தூவாத வட்டாகப் பார்த்து வாங்குங்கள். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள், முன்பக்கம் விற்பதற்காக எழுதியது.

தேவனாம்பட்டினம் கடற்கரை வீடு:

மகளே, மீன் சாப்பிடுவார் என்று சொல்லிவிட்டு மீனைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லையே! எங்கள் வீட்டில் மத்தி மீனோ கவலை மீனோ வந்தால் புட்டு செய்வோம். புட்டு என்றாலே ஈரம் வற்றியதுதான், உன் பொரி வட்டுக்கு அளவெடுத்ததுபோல் இருக்கும்.

மீனை மஞ்சள் போட்டு ஆவியில் வேகவைத்து, ஆறியதும் நடுமுள்ளை உருவிவிட்டுக் கையால் உதிர்த்துக்கொள். சிறு முள்ளை விரல்தான் கண்டுபிடிக்கும், கரண்டி கண்டுபிடிக்காது. பெரியவர் சாப்பிடுவது என்பதால் இரண்டு தடவை தடவிப் பார். பிறகு ஒரு கரண்டி எண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, உதிர்த்த மீனைப் போட்டுத் தண்ணீர் முழுவதும் சுண்டும்வரை கிளறு. மீன் பிரிந்து பூவாக வரும்போது இறக்கு. விலை குறைந்த மீன் என்று மத்தியைத் தள்ளாதே. இதயத்துக்கு நல்லது என்று மருத்துவர்கள் சொல்லும் ஒமேகா 3 கொழுப்பு அதில் நிறைய இருக்கிறது.

கருவாட்டுத் தொக்கு வேண்டாம். எனக்கே அது உயிர். ஆனால் உன் அம்மா அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர், கருவாட்டில் ஏறியிருக்கும் உப்பை எத்தனை தடவை கழுவினாலும் முழுவதும் எடுக்க முடியாது.

பண்ருட்டித் தோட்டம்:

எங்கள் ஊர்ப் பலாக்கொட்டையை வேகவைத்து, தோல் உரித்து, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு மசித்துப் பாருங்கள். முந்திரியைவிட ருசி. சுளை வேண்டாம், அது இனிப்பு.

உணவியல் பிரிவில் வேலை பார்ப்பவர், புதுச்சேரி:

ருசியில் மறுப்பே இல்லை அண்ணா, எனக்கும் பிடிக்கும். ஆனால் பலாக்கொட்டையும் பெரும்பகுதி மாவுச்சத்துதான். மாவின் மேல் மாவு வைத்ததாகிவிடும். பலாக்கொட்டை வைக்கிற அன்று பொரி வட்டை விட்டுவிட்டு, அதை மட்டும் நான்கைந்து கொட்டை அளவில் சாப்பிடலாம்.

மஞ்சக்குப்பம் மகள்:

பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பத்து நாள் செய்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

மல்லாட்டை விழுது முதல் தடவை அந்தப் பிண்டக் கட்டத்தில் நின்றுவிட்டது. ஐயா எழுதியிராவிட்டால் கட்டாயம் தண்ணீர் ஊற்றியிருப்பேன். மிக்சி சூடாகிவிட்டதால் கால் மணி நேரம் ஆறவிட்டு ஓட்டினேன், இளகிவிட்டது. அதைப் பூசி, மேலே வடிகட்டிய தயிரை வைத்தபோது அம்மா கடைசிக் கடிவரை சத்தத்தோடு சாப்பிட்டார். முட்டை பிடித்தது. கொண்டைக்கடலை மசியல் அவருக்குப் பிடிக்கவில்லை, வாயில் அப்பிக்கொள்கிறது என்றார், வற்புறுத்தவில்லை. மத்திப் புட்டு செய்த அன்று தம்பியும் வந்திருந்தான். அம்மாவுக்கு இரண்டு வட்டு எடுத்து வைப்பதற்குள் வாணலியையே காலி செய்துவிட்டான். தேவனாம்பட்டினம் அக்கா, முள் பார்த்தது நான், இரண்டு தடவை.

அதற்கப்புறம் வந்த வெள்ளிக்கிழமை நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நான் வேலை முடிந்து வருவதற்குள் அம்மாவே அடுக்களையில் நின்றிருந்தார். “நீ சட்னியை வைத்தாய், அதுதான் நமுத்துவிட்டது. துவையல் வைத்தால் நமுக்குமா?” என்று கேட்டார். இத்தனை நாள் எனக்கு இது தோன்றவே இல்லை. கொள்ளுப் பயறை வாசனை வரும்வரை வறுத்து, இரண்டு காய்ந்த மிளகாய், நான்கு பல் பூண்டு, நெல்லிக்காய் அளவில் பாதிப் புளி, ஒரு கைப்பிடி தேங்காய் வைத்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக அரைத்திருந்தார். உப்பு வழக்கத்தில் பாதி. மல்லாட்டை விழுதுகூடப் பூசவில்லை. துவையலைக் கட்டை விரலால் வட்டின் ஓரம்வரை அழுத்தித் தேய்த்து, மேலே வதக்கிய முருங்கைக்கீரையை ஒரு சிட்டிகை தூவினார். தேநீர் குடித்து முடிக்கும்வரை வட்டு விறைப்பாகவே இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தோம், 139. அம்மா அந்த எண்ணை நாட்காட்டியில் வெள்ளிக்கிழமைக் கட்டத்துக்குள் எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது ஒரு சந்தேகம்தான் பாக்கி. எங்கள் வீட்டுக்கு மாலையில் கடற்காற்று நேராக வரும். பொட்டலத்தைப் பிரித்து டப்பாவில் போட்டு வைத்தாலும் மூன்றாம் நாள் வட்டு நமுத்துவிடுகிறது. ஏதாவது வழி உண்டா?

லாஸ்பேட்டைச் சமையற்கட்டு:

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் தங்கச்சி. துவையல் எனக்கும் தோன்றவில்லை.

நமுத்ததைத் தூக்கிப் போடாதீர்கள். தோசைக்கல்லை எண்ணெய் இல்லாமல் சிறு தீயில் வைத்துப் பக்கத்துக்கு ஒரு நிமிடம் காட்டி, தட்டில் ஆறவிடுங்கள். சூட்டோடு தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால் பழையபடி கரகரக்கும். டப்பாவின் அடியில் வறுத்த அரிசி ஒரு கைப்பிடியைத் துணியில் முடிந்து போட்டு வையுங்கள். அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வாரம் ஒரு தடவை அந்த அரிசியை மறுபடி வறுத்துப் போட்டால் போதும். அந்த முறுக்கு டப்பாவின் மூடி இறுக்கமாக இருந்தால் அதிலேயே வைக்கலாம்.